ஜீப்ரா கிராசிங்குக்கு ஒரு கண்டக்டர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். காலேஜ் பிள்ளைகள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, போனைப் பார்த்தபடியே ரோட்டைக் கடக்கிறார்கள், வளாகத்துக்குள் கார் ஓட்டவே முடியவில்லை, லைப்ரரியைத் தாண்டக் கால் மணி நேரம் ஆகிறது, இவர்களுக்கு யாராவது ஒழுக்கம் சொல்லிக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். அவர் எந்த வளாகத்தைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். கால் மணி நேரம் என்பது கொஞ்சம் கூடுதல். எட்டு ஒன்பது நிமிஷம் ஆகும். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அந்த ரோட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவைக்கு மேல் போய் வருகிறவன் நான்.

சென்னையில் மாநகர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். கடைசியாக நிறைய வருஷம் ஓட்டியது பெரம்பூர் - பெசன்ட் நகர் 29சி. ஓய்வுக்கு அப்புறம் மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன், எனக்கும் ஒத்து வரவில்லை, வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒத்து வரவில்லை. இப்போது தென் சென்னையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் பேட்டரி வண்டி ஓட்டுகிறேன். மெயின் கேட்டில் ஆளை ஏற்றி, வகுப்புக் கட்டடம், லைப்ரரி, ஹாஸ்டல் என்று இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். வளாகத்தின் பெயரை எழுதவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி. மீதி பாதி, இது அந்த ஒரு இடத்துக் கதை மட்டும் இல்லை. நடுவில் ரோடு ஓடி, ரெண்டு பக்கமும் கட்டடம் இருக்கிற எந்தக் கல்லூரிக்குள் போனாலும் இதே கூத்துதான்.

அந்த வாசகர் காருக்குள் இருந்து பார்த்ததை எழுதியிருக்கிறார். நானும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பார்க்கிறேன். ஆனால் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் வகுப்புக் கட்டடம், எதிர்ப்பக்கம் லைப்ரரி, லைப்ரரிக்குப் பின்னால் கேன்டீன். நடுவில் ஏழு மீட்டர் அகலத்தில் ரோடு. ரோட்டின் குறுக்கே ஒரு ஜீப்ரா கிராசிங், பெயின்ட் பாதி அழிந்தது. மத்தியானம் 12.30-க்கு பெல். அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் போய்ப் பார்த்தால் அந்த ரோட்டில் நாய் படுத்திருக்கும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஒரு கறுப்பு நாய், ஜீப்ராவின் மூன்றாவது பட்டைமேல், வேப்ப மரத்து நிழல் சரியாக அங்கே விழும் என்பதால் கால் நீட்டிப் படுத்திருக்கும். நான் ஓரமாக வளைத்து ஓட்டிக்கொண்டு போவேன், அது தலையைக்கூடத் தூக்காது. 12.28-க்கு அதுவாகவே எழுந்து, உடம்பை ஒரு தடவை உதறிக்கொண்டு, மரத்தடிக்குப் போய்விடும். டைம்டேபிள் அதற்குத் தெரியும். அலுவலகத்தில் உட்கார்ந்து டைம்டேபிள் போடுகிறவர்களுக்கு இந்த ரோடு தெரியாது.

பெல் அடித்ததும் நாலு மாடியிலிருந்தும் எல்லாரும் ஒன்றாக இறங்குகிறார்கள். முதல் ரெண்டு நிமிஷம் பிரச்சினையே இல்லை, கும்பலாக வருவார்கள், கும்பலாகக் கடப்பார்கள், எந்த வண்டியும் அந்தக் கும்பலுக்குள் மூக்கை நுழைக்காது. சிக்கல் அதற்கு அப்புறம்தான். கும்பல் கரைந்து, ரெண்டு பேர், ஒருவர், மூன்று பேர், மறுபடி ஒருவர் என்று சொட்டுச் சொட்டாக வர ஆரம்பிப்பார்கள். குழாயைச் சரியாக மூடாமல் விட்டது மாதிரி. ஒருவர் பாதி ரோட்டைத் தாண்டும்போது அடுத்தவர் காலை வைக்கிறார். அவர் பாதி வரும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவர். ஒருத்தர்கூடத் தப்பு செய்யவில்லை, எல்லாரும் ஜீப்ரா மேல்தான் நடக்கிறார்கள். ஆனால் வண்டிக்கு இடைவெளி என்பதே கிடைக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணமாக நடக்கிறவர் வினாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துக்கொண்டுதான் ரோடு போடுகிறவர்கள் கிராசிங்கைத் திட்டமிடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஏழு மீட்டரைக் கடக்க ஆறு வினாடி. நாலு வினாடிக்கு ஒருவர் வீதம் வந்துகொண்டிருந்தால் ரோடு காலியாகவே ஆகாது. பத்து நிமிஷத்தில் இப்படி நூற்றைம்பது பேர்தான் கடந்திருப்பார்கள், அந்தப் பத்து நிமிஷமும் வண்டி நின்றுகொண்டே இருக்கும். அதே நூற்றைம்பது பேரை முப்பது முப்பதாகச் சேர்த்து விட்டால், நாலு மீட்டர் அகலத்துக்கு ஜீப்ரா போட்டிருந்தால், ஒரு கும்பலுக்குப் பத்துப் பன்னிரண்டு வினாடி போதும். ஐந்து தடவை விட்டால் முடிந்தது, மொத்தம் ஒரு நிமிஷம். பத்து நிமிஷம் நின்ற ரோடு ஒரு நிமிஷம்தான் நிற்கும். போனை நிறுத்தச் சொல்ல வேண்டாம், ஒழுக்கப் பாடம் வேண்டாம்.

போன் விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள், உண்மைதான். அதே ரோட்டில் கார் ஓட்டுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று என் சீட்டிலிருந்து பார்த்தால் தெரியும், என் சீட் கொஞ்சம் உயரம். 40 கி.மீ. வேகத்தில் போகிற கார் ஒரு வினாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். ரெண்டு வினாடி போனைக் குனிந்து பார்த்தால் 22 மீட்டர், கிட்டத்தட்ட ரெண்டு பஸ்ஸை வரிசையாக நிறுத்தின நீளம், அத்தனை தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். நடக்கிறவன் பார்க்காமல் வந்தால் அவனுக்கு மட்டும்தான் அடி. யாருக்கு முதலில் பாடம் எடுப்பது?

சரி, நான் இந்தக் கடிதம் எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். போன மழைக்காலம், ஒரு வியாழக்கிழமை. அதே கிராசிங், மணி 12.40 இருக்கும். ஒரு பெண் பிள்ளை, தோளில் பை, ஒரு கையில் குடை, இன்னொரு கையில் டிபன் பாக்ஸ், ரோட்டோரம் நின்று போகலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் வண்டியை நிறுத்தினேன். நிறுத்தியதோடு விட்டிருக்கலாம். "போம்மா" என்று கையைக் காட்டினேன். முப்பது வருஷப் பழக்கம், கை தானாக எழுந்துவிடும். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என்மேல் இருந்த நம்பிக்கையில் வேறு எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்காமல் இறங்கியது. என் வலது பக்கத்தில் ஒரு டூ வீலர், நான் எதற்கு நிற்கிறேன் என்றே யோசிக்காமல், ஏதோ வண்டி நின்றுவிட்டது, முந்திப் போவோம் என்று வந்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். ஹார்ன் அடித்தேன். என் ஹார்ன் சத்தத்தைக் கேட்டு அந்தப் பிள்ளை திடுக்கிட்டு நின்றதால்தான் தப்பித்தது என்றும் சொல்லலாம், நின்றதால்தான் அடிபட்டது என்றும் சொல்லலாம்.

ஹேண்டில் பார் கையில் உரசி, பிள்ளை கீழே விழுந்தது. முழங்காலில் சிராய்ப்பு, உள்ளங்கையில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். டிபன் பாக்ஸ் திறந்துகொண்டு எலுமிச்சை சாதம் ஈரமான ரோட்டில் கொட்டி, மூடி மட்டும் உருண்டு உருண்டு போய் என் முன் சக்கரத்தில் இடித்து நின்றது. நான் இறங்கி ஓடினேன். "பரவால்ல அண்ணா, பரவால்ல அண்ணா" என்று அதுதான் எனக்குத் தைரியம் சொன்னது. (எனக்குப் பேத்தி இருக்கிறாள். ஆனால் டிரைவர் என்றால் எந்த வயதிலும் அண்ணாதான், அது ஒரு சௌகரியம்.) அந்த டூ வீலர் பையன் வில்லன் எல்லாம் இல்லை, அவனும் மாணவன்தான், வண்டியைப் போட்டுவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் நிறுத்தியது தப்பில்லை. மத்திய அரசு 2017-ல் கொண்டு வந்த வாகனம் ஓட்டும் விதிமுறைகளிலேயே சிக்னலோ போலீஸோ இல்லாத ஜீப்ரா கிராசிங்கில் நடப்பவருக்குத்தான் முதல் உரிமை, வண்டி நின்று வழிவிட வேண்டும் என்று இருக்கிறது. தப்பு என் கையில்தான். என் வண்டிக்குப் பக்கத்தில் என்ன வருகிறது என்று எனக்கே முழுசாகத் தெரியாதபோது, ரோடு முழுவதற்கும் நான் உத்தரவாதம் கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது அந்தக் கை. நின்ற வண்டிதான் வருகிற வண்டியை மறைக்கிறது. நல்லவன் மறைத்துக்கொண்டு நிற்க, பின்னால் வருகிறவன் இடிக்கிறான். அன்றிலிருந்து நான் நிறுத்துகிறேன், கை காட்டுவதில்லை. பிள்ளைகள் என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. கார் ஓட்டும் வாசகர்களுக்கும் இதையே சொல்கிறேன், நில்லுங்கள், கை காட்டாதீர்கள்.

இந்தச் சம்பவத்துக்கு அப்புறம் வளாகத்தில் கூட்டம் போட்டார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள், பின் வரிசையில் நாற்காலி கொடுத்தார்கள், டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். பேச மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அங்கே வந்த யோசனைகளைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம்.

ஒருவர் நடைமேம்பாலம் கட்டலாம் என்றார். ஏழு மீட்டர் ரோட்டைக் கடக்க நாற்பது படி ஏறி நாற்பது படி இறங்கு என்றால் எந்தப் பிள்ளை ஏறும்? பாலத்துக்கு அடியில் நிழல் இருக்கிறது என்று கீழேயே நடப்பார்கள். தி.நகரில் 2023-ல் திறந்தார்களே, மாம்பலம் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரைக்கும் 570 மீட்டர் நீளத்தில் ஆகாய நடைபாதை, அதில் ஜனங்கள் நடக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கினவர் ஏற்கெனவே ஸ்டேஷன் பாலத்தின் மேலே ஏறிவிட்டார், அப்படியே நேராக நடந்து ரங்கநாதன் தெருக் கூட்டத்தையும் தாண்டிவிடலாம். அங்கே அது லாபம். இங்கே என்ன லாபம்? முட்டி வலிக்கிற புரொபசர் ஏறுவாரா, வீல் சேரில் வருகிற அந்த எம்.ஏ. மாணவர் ஏறுவாரா? சுரங்கப்பாதை என்றும் ஒருவர் சொன்னார். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் சுரங்கப்பாதை என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போல.

இன்னொருவர் வேகத்தடை இன்னும் ரெண்டு போடலாம் என்றார். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ஒழுங்காகப் போடுங்கள். 25 கி.மீ. வேகத்தில் தாண்டுகிற மாதிரி வேகத்தடை என்றால் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று, ரோடுகளுக்கு அளவு வகுக்கிற இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்லியிருக்கிறது. நம் ஊரில் போடுவது ஒரு முழ அகலத்துக்கு வரப்பு கட்டின மாதிரி. வண்டியின் வேகம் குறைகிறதோ இல்லையோ, பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் இடுப்பு போய்விடும். அதற்குப் பதில் ஜீப்ரா கிராசிங்கையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கி, மேலே சமமாக, மேடை மாதிரி கட்டிவிட்டால் ஒரே செலவில் ரெண்டு வேலை முடியும். வண்டியும் மெதுவாக ஏறி இறங்கும், நடக்கிறவரும் மேலே ஏறி நிற்பதால் தூரத்திலேயே கண்ணுக்குத் தெரிவார், வீல் சேரும் அப்படியே உருளும். அதைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை.

சிக்னல் வைக்கலாம் என்ற யோசனைக்குத்தான் நிறையப் பேர் தலையாட்டினார்கள். ஒரு நாளில் இந்த ரோட்டில் நெரிசல் என்பது நாலு வேளை, வேளைக்குப் பத்து நிமிஷம். மற்ற நேரமெல்லாம் நாய் படுத்திருக்கிற ரோடு. காலியான ரோட்டில் சிவப்பு விளக்குக்கு யார் நிற்பார்கள்? ஒரு வாரம் நிற்பார்கள். அப்புறம் நெரிசல் நேரத்திலும் அந்த விளக்கை யாரும் மதிக்க மாட்டார்கள்.

என் மகள் சிவில் இன்ஜினியரிங் படித்தவள், ரோடு வேலை பார்க்கிற ஒரு இடத்தில் இருக்கிறாள். நான் வீட்டில் புலம்பியபோது, "அப்பா, இதுக்கு ஒரு கணக்கு இருக்கு" என்று ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினாள். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எடுத்துக்கொள். அதே நேரத்தில் எத்தனை வண்டி போகிறது என்று எடுத்துக்கொள். வண்டியின் எண்ணிக்கையை அதே எண்ணால் ஒரு தடவை பெருக்கி, அதை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கு. நடுவில் தடுப்பு இல்லாத ரோட்டில் அந்த விடை பத்துக் கோடியைத் தாண்டினால், வெறும் கோடு மட்டும் போதாது, வண்டியை நிறுத்தி ஆளைக் கடக்க விடுகிற ஏற்பாடு வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒரு பேச்சுக்கு 500 பேர், 500 வண்டி என்று போட்டாள், பன்னிரண்டரைக் கோடி வந்தது. பிறகு வண்டியைப் பாதியாக்கி 250 என்று போட்டாள். மூன்று கோடி சொச்சம்தான் வந்தது. "பார்த்தியாப்பா, ஆளைப் பாதியாக்கினா பிரச்சினை பாதிதான் குறையும், வண்டியைப் பாதியாக்கினா முக்கால்வாசி போயிடும்" என்றாள்.

முப்பது வருஷம் வண்டி ஓட்டினவனுக்கு இது மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் கணக்கு கணக்குதானே. பிள்ளைகளைத் திருத்துவதில் மண்டையை உடைத்துக்கொள்வதை விட, அந்தப் பத்து நிமிஷத்தில் அந்த ரோட்டுக்கு வருகிற வண்டிகளைக் குறைப்பதுதான் நாலு மடங்கு லாபம். அப்படி என்ன வண்டிதான் வருகிறது என்று பார்த்தால், பாதி வண்டிக்கு அங்கே வேலையே இல்லை. வகுப்புக் கட்டடத்து வாசல் வரைக்கும் கொண்டு வந்து மகனை இறக்கிவிடுகிற அப்பா. ஹாஸ்டலுக்குச் சாப்பாடு கொண்டு வருகிற டெலிவரி பையன்கள், அவர்களுக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் போனில் நெருக்கடி, பாவம். வெளியே மெயின் ரோட்டில் நெரிசல் என்று ஒரு கேட்டில் நுழைந்து மறு கேட்டில் வெளியே போகிற அலுவலக வண்டிகள். மெயின் கேட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய மைதானம் சும்மா கிடக்கிறது, அங்கே நிறுத்திவிட்டு என் வண்டியில் ஏறினால் மூன்று நிமிஷத்தில் கொண்டு போய் விட்டுவிடுவேன்.

கிண்டி ஐ.ஐ.டி.யில் மாணவர்கள் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ளக் கூடாது. சைக்கிள், இல்லையென்றால் வளாகத்துக்குள் ஓடுகிற பஸ். 1959-ல் ஆரம்பித்த அந்த வளாகம் 600 ஏக்கருக்கு மேல், காடு மாதிரி, உள்ளே புள்ளிமானும் வெளிமானும் திரிகிறது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அவர்களால் முடிகிறது என்றால், ஒரு கேட்டிலிருந்து மறு கேட்டுக்குப் பத்து நிமிஷ நடை இருக்கிற இடத்தில் ஏன் முடியாது? மானுக்காக வேகத்தைக் குறைக்கிற ஊர்தானே இது, பிள்ளைகளுக்காகவும் குறைக்கலாம்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான், கொஞ்சம் சிரிப்பு வரலாம். அந்தக் கிராசிங்குக்கு ஒரு கண்டக்டர் வேண்டும்.

பஸ்ஸில் போய்ப் பழகினவர்களுக்குத் தெரியும், ஒரு விசில் என்றால் நிறுத்து, ரெண்டு விசில் என்றால் போ. பின்னால் என்ன நடக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது, கண்டக்டருக்குத்தான் தெரியும், படிக்கட்டில் ஒரு கால் வைத்துக்கொண்டு ஒரு அம்மா ஏறிக்கொண்டிருந்தால் அவர் விசில் ஊதும்வரைக்கும் நான் கிளட்ச்சை விட மாட்டேன். பஸ் ஓடியது என் கால் பலத்தில் என்றால், விபத்து இல்லாமல் ஓடியது அவர் விசில் பலத்தில். கிராசிங்கிலும் அதே வேலைதான். நெரிசல் நேரத்தில் மட்டும், வேளைக்குப் பத்து நிமிஷம், ஒரு செக்யூரிட்டி விசிலோடு நடைபாதை ஓரத்தில் நிற்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வருகிறவர்களைப் பதினைந்து இருபது வினாடி நிறுத்திச் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் நிறுத்தக் கூடாது. முப்பது வினாடிக்கு மேல் யாரும் பொறுமையாக நிற்க மாட்டார்கள், அதை 29சி-க்குக் காத்திருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு கும்பல் சேர்ந்ததும் ரோட்டில் இறங்கி, ரெண்டு பக்க வண்டியும் நின்றுவிட்டதா என்று தன் கண்ணால் பார்த்து, அதற்கு அப்புறம் ரெண்டு விசில். எல்லாரும் ஒன்றாகக் கடக்கட்டும். கடைசி ஆள் நடைபாதையில் ஏறியதும் வண்டிகளை விடட்டும்.

என் மகள் போனில் ஜப்பானில் ஷிபுயா சந்திப்பைக் காட்டினாள். எல்லாப் பக்கத்து வண்டியையும் ஒரே சமயத்தில் நிறுத்திவிட்டு, ஜனங்கள் குறுக்கும் நெடுக்குமாகத் திருவிழாக் கூட்டம் மாதிரி கடக்கிறார்கள், விளக்கு மாறியதும் ரோடு துடைத்துவிட்டது மாதிரி ஆகிவிடுகிறது. அங்கே விளக்கு செய்கிற வேலையை இங்கே ஒரு விசில் செய்யும், நாலு வேளைக்கு விளக்கு எதற்கு.

இப்போதும் செக்யூரிட்டி நிற்கிறார். எங்கே நிற்கிறார் என்றால் மரத்தடியில், நாய்க்குப் பக்கத்தில். அவரையும் குறை சொல்ல மாட்டேன். "அண்ணே, நான் நிறுத்தினா எந்தக் கார் நிக்குது? உள்ளே உட்கார்ந்திருக்கிறது டிபார்ட்மென்ட் ஹெட்டா இருந்தா என் வேலை போயிடும்" என்றார். நியாயம்தானே. அதனால் விசில் மட்டும் கொடுத்தால் போதாது, அந்தப் பத்து நிமிஷம் ஹெட் ஆனாலும், துணைவேந்தரே வந்தாலும் அவர் விசிலுக்கு நிற்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வேண்டும். அதில் துணைவேந்தர் கையெழுத்து இருக்க வேண்டும். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

செலவில்லாத வேலை இன்னொன்று, அந்த பெல். எல்லாத் துறைக்கும் 12.30 என்று எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? ரெண்டு மாடிக்கு 12.20, ரெண்டு மாடிக்கு 12.35 என்று விட்டால் படியிலும் நெரிசல் இல்லை, ரோட்டிலும் இல்லை, கேன்டீனில் டோக்கன் வரிசையும் பாதியாகும். இதை ஒரு புரொபசரிடம் சொன்னேன், நல்ல மனிதர், தினமும் என் வண்டியில்தான் வருவார். வெவ்வேறு துறையில் பாடம் எடுத்துப் படிக்கிற பிள்ளைகளுக்கு அடுத்த வகுப்பு இடிக்கும் என்றார். அதுவும் சரிதான், காலை வகுப்புகளில் இடிக்கலாம். ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும், சாயந்தரம் வீட்டுக்குப் போகிற நேரத்திலும் அடுத்த வகுப்பே கிடையாதே. அந்த ரெண்டு வேளைதான் கூட்டமே அதிகம். அதையாவது பிரிக்கலாம் என்றேன். யோசிக்க வேண்டிய விஷயம்தான் என்றார். ஆறு மாதமாக யோசிக்கிறார்.

மழைக்காலம் வரப்போகிறது, அதற்குள் ஒரு சின்ன வேலையையாவது செய்தால் புண்ணியம். லைப்ரரி பக்கம், ஜீப்ரா போய் முடிகிற இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. பத்து நிமிஷம் மழை பெய்தால் கணுக்கால் அளவு தண்ணீர். யாரும் அதில் இறங்க மாட்டார்கள், பதினைந்து அடி தள்ளி, வரிசையாக பைக் நிறுத்தியிருக்கிற இடத்துக்கு நடுவிலிருந்து குடையோடு வெளியே வருவார்கள். எனக்குக் குடை மட்டும்தான் தெரியும், ஆள் தெரியாது. என் பேட்டரி வண்டிக்குச் சத்தமும் கிடையாது, பழைய பஸ் என்றால் பத்துக் கடை தள்ளியிருப்பவருக்கே வருவது தெரியும், இது பூனை மாதிரி வந்து நிற்கும். பிள்ளைகள் ஜீப்ராக் கோட்டில் கடக்காமல் கண்ட இடத்தில் கடக்கிறார்கள் என்று போன வாரம் அந்த வாசகர் திட்டியிருந்தார். ஒரு வண்டி ஜல்லியும் ரெண்டு மூட்டை சிமென்ட்டும் போட்டு அந்தப் பள்ளத்தை அடைத்து, கிராசிங்கின் ரெண்டு பக்கமும் பத்து மீட்டருக்கு பைக் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டால், பாதிப் பேர் தானாகக் கோட்டுக்கு வந்துவிடுவார்கள்.

சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதலிடம் என்று ஒரு கொள்கை கொண்டு வந்தது. 2019-ல் பாண்டி பஜாரில் கார் நிறுத்துகிற இடத்தைக் குறைத்து நடைபாதையை அகலமாக்கினபோது வியாபாரம் படுத்துவிடும் என்று என்னோடு ஓடிய டிரைவர்கள் பாதிப் பேர் சொன்னோம், நானும்தான் சொன்னேன். போன தீபாவளிக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அங்கே நடந்தேன். பேத்தி என் கையை விட்டுவிட்டு ஓடினாள், நான் பின்னால் ஓடவில்லை. அந்த நிம்மதி வளாகத்துக்குள்ளேயும் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கடைசியாக ஒன்று. என்னோடு 29சி-யில் பதினோரு வருஷம் ஓடிய கண்டக்டர் ஓய்வு பெற்று வியாசர்பாடியில் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை போனில் இந்தக் கதையை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "டிரைவர், காலேஜ் பசங்க கொண்டாடுற 'பஸ் டே' அன்னிக்கு பஸ் கூரை மேல ஏறினவங்களையே விசில் ஊதி இறக்கினவன் நான், இதென்ன பெரிய விஷயம்" என்றார். விசில் இன்னும் வைத்திருக்கிறாராம், பழைய பித்தளை விசில். நிர்வாகம் சரி என்றால் ஒரு வாரம், மத்தியானம் 12.30-லிருந்து 12.45 வரைக்கும், சம்பளம் இல்லாமல் வந்து நின்று காட்டுகிறேன் என்கிறார். சாப்பாடு மட்டும் கேன்டீனில் போட வேண்டும். மீன் குழம்பு இருக்கிற நாளாகப் பார்த்துச் சொல்லச் சொன்னார், புதன்கிழமை இருக்கிறது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு டிரைவர்,
சென்னை.